திருநெல்வேலி மாவட்டமே போற்றி

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலைந்து வருஷமாகத் தயங்கிக்கொண்டே இருந்தேன். பேனாவை எடுப்பேன். குற்றாலத்து மேடை ஞாபகம் வரும். அடுப்பில் ஏதோ கருகுகிற மாதிரி எழுந்து உள்ளே போய்விடுவேன். (அடுப்பில் ஒன்றும் கருகவில்லை, என் முகம்தான்.) ஆனால் என் வீட்டுக்காரரும் சொந்தக்காரர்களும் இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிச் சொல்லி, உண்மையில் நடந்தது எனக்கே மறந்துவிடும் போலிருக்கிறது. அதனால் எங்கள் தென்காசிக் கோயில் உலகம்மனைக் கும்பிட்டுவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்பு. அதையும் முழுசாக முடிக்கவில்லை. காலையில் காசி விசுவநாதர் கோயில், சாயந்திரம் விளக்கு, நடுவில் சமையல், இதுதான் என் உலகம். ஆனால் மனப்பாடத்தில் மட்டும் என்னை யாரும் அசைக்க முடியாது! எந்தச் சாமியின் போற்றியைக் கொடுத்தாலும், நாலு வெள்ளிக்கிழமை பாடினால் போதும், புத்தகத்தை மூடிவிடுவேன்.

மகள் பெயர் உலகம்மாள், வீட்டில் உலகு. பட்டம் வாங்கியவள். அரசு வேலைக்கான தேர்வு இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் தவறிவிட்டது. படிக்காமல் இல்லை. வீட்டில் கேட்டால் அருவி மாதிரி கொட்டுவாள். தேர்வு அறையில் உட்கார்ந்ததும் கை நடுங்கும், தலைக்குள் இருந்ததெல்லாம் எங்கேயோ ஓடிவிடும். இரண்டாம் தடவை முடிவு வந்த அன்று, புத்தகத்தையெல்லாம் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டாள்.

"இனிமே எழுத மாட்டேம்மா. பொது அறிவுன்னாலே எங்கயாவது ஓடிரலாம்போல இருக்கு" என்றாள்.

"அதுல என்னட்டி கஷ்டம்? அவன் கேக்கான், நாம சொல்லுதோம். அவ்வளவுதான?" என்றேன். (ஒன்பதாம் வகுப்பின் தைரியம்!)

அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு ஆட்டோ ஒலிபெருக்கியோடு வந்தது. சீசனை முன்னிட்டுக் குற்றாலத்தில் வியாபாரிகள் நடத்தும் பொது அறிவுப் போட்டி, வயது வரம்பு கிடையாது, அனைவரும் வாரீர்.

உலகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டியாம்மா? நீ அந்த மேடைல ஏறி, ஒரே ஒரு கேள்விக்குச் சரியா பதில் சொல்லு. நான் மறுபடி எழுதுதேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அந்த ஆட்டோவை அனுப்பியது சாட்சாத் உலகம்மனேதான் என்று எனக்குப் பட்டது. ஒரே ஒரு கேள்வி! ஒரு பதில் சொன்னால் என் பிள்ளை சாக்கை அவிழ்ப்பாள். எனக்கு அன்றிலிருந்து தூக்கம் பிடிக்கவில்லை, அவ்வளவு உற்சாகம்.

பரணில் இருந்த புத்தகத்தைத் தொட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும். ரகசியமாகப் படித்து அசத்த வேண்டும் என்று எனக்கு ஆசை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். எதையும் புதுசாக வாங்கிப் பழக்கமில்லாத மனுஷர், பழைய பேப்பர் கடையிலிருந்து ஒரு பொது அறிவுக் கையேடு கொண்டுவந்தார். அதற்கு அட்டையே இல்லை.

"அட்டை எங்கங்க?"

"ஏட்டி, அட்டையிலயா கேள்வி கேக்கப் போறான்? உள்ள இருக்கதைப் படி."

உட்கார்ந்து படித்தேன். ஒன்றும் ஏறவில்லை. காலையில் படித்த வைட்டமின் சாயந்திரம் நதியோடு போய்விட்டது. அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை வந்தது. மனசில் நிற்கிற ஒரே வழி எனக்குத் தெரியுமே! எல்லாவற்றையும் போற்றியாக்கிவிட்டேன்.

'கோள்களில் பெரிய வியாழனே போற்றி. இலைக்குப் பச்சை தரும் பச்சையமே போற்றி. ஸ்கர்வி நோய் தீர்க்கும் வைட்டமின் சியே போற்றி. அறைவெப்பத்தில் உருகிக் கிடக்கும் பாதரசமே போற்றி.' இப்படிக் கோள், செடி, நோய், உலோகம், மன்னர், நதி என்று போய், கடைசியில் ஊர்களும் மாவட்டங்களும். விளக்கேற்றியதும் முதலில் சாமிக்கு, பிறகு அறிவியலுக்கு. வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவார். எனக்கோ, அம்மனே உள்ளே உட்கார்ந்து பாடுகிற மாதிரி கடகடவென்று வந்தது.

போட்டி நாளன்று குற்றாலத்தில் சாரல் பிய்த்துக்கொண்டு அடித்தது. அருவியில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வந்து நின்றவர்களே நாற்காலிக்காரர்களைவிட அதிகம். மேடையில் மூன்று பேர்: ஒரு கல்லூரிப் பையன், மதுரையிலிருந்து குளிக்க வந்த ஒரு வக்கீல், நெற்றி நிறைய விபூதியோடு நான். ஆளுக்கொரு பித்தளை மணி கொடுத்திருந்தார்கள். பதில் தெரிந்தவர் மணியை ஆட்ட வேண்டும்.

கோட்டுப் போட்ட அறிவிப்பாளர் தம்பி கேட்டார்: "ஸ்கர்வி நோய் எந்த வைட்டமின் குறைவால் வருகிறது?"

என் சரக்கு! முதல் ஆளாக மணியை ஆட்டினேன். கூட்டத்துக்குப் பின்னால் நின்ற உலகு துள்ளியது கூடத் தெரிந்தது.

"சொல்லுங்கக்கா!"

வாயைத் திறந்தேன். அப்போதுதான் என் வண்டவாளம் எனக்கே தெரிந்தது. போற்றியை நடுவிலிருந்து எடுத்து எனக்குப் பழக்கமே கிடையாது! முதலிலிருந்து போனால்தான் வரும்.

"கோள்களில் பெரிய வியாழனே போற்றி..." என்று தொடங்கினேன்.

"யக்கா, கேள்வி வைட்டமின் பத்தி."

"வருதேன் தம்பி, வழியிலதான் இருக்கேன். இலைக்குப் பச்சை தரும்..."

"நேரம் முடிந்தது!"

வக்கீல் சாவகாசமாக "வைட்டமின் சி" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டார். என் போற்றி அப்போதுதான் அங்கே வந்து சேர்ந்தது.

அடுத்த கேள்விக்குக் கல்லூரிப் பையன் என் காதருகே கணீரென்று மணியை ஆட்டினான். மணி அடித்தால் நம் கை சும்மா இருக்குமா? கண்ணை மூடி, கைகூப்பி, கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கூட்டம் விசிலடித்தது.

"ஏலே, அடுத்தது பிரசாதம்லே! வரிசையில நில்லு!" என்று ஒரு குரல்.

கண்ணைத் திறந்து உலகைத் தேடினேன். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். ஒரே ஒரு பதில், தாயே, ஒன்றே ஒன்று!

அறிவிப்பாளர் நல்ல பிள்ளை. என் முகத்தைப் பார்த்து மனசு இளகியிருக்க வேண்டும். "கடைசிக் கேள்வி அக்காவுக்கு மட்டும். மத்தவங்க மணியைத் தொடக்கூடாது. யக்கா, பதட்டப்படாதீங்க, பதில் கேள்விலயே இருக்கு. நம்ம தென்காசி எந்த மாவட்டத்தில் இருக்கிறது?"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஏனென்றால் அது என் போற்றியின் கடைசி வரி! முதலிலிருந்து போகவே வேண்டாம், அதுவாக நாக்கில் வந்து நிற்கிறது. எழுந்து நின்று, ரெண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி, ஒலிபெருக்கி அலற முழங்கினேன்:

"தென்காசி விளங்கும் திருநெல்வேலி மாவட்டமே போற்றி, போற்றி!"

ஒரு நிமிஷம் அருவிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அருவிச் சத்தம் கேட்கவில்லை.

"யக்கா, போர்டெல்லாம் மாத்தியாச்சு!"

"கலெக்டர் ஆபீஸை லாரில ஏத்தி நெல்லைக்கே அனுப்பிருங்கலே!"

தென்காசி தனி மாவட்டமானது எனக்குத் தெரியாதா? அந்தச் சேதி வந்த அன்று பாயசம் வைத்துத் தெருவுக்கே கொடுத்தவள் நான்! ஆனால் வாய் பாடிக்கொண்டு போகும்போது புத்தியை யார் கேட்டார்கள்? கையேடு மாவட்டம் பிரிவதற்கு முன்னால் அச்சடித்தது. அட்டை இருந்திருந்தால் வருஷமாவது தெரிந்திருக்கும்.

அறிவிப்பாளர் சிரிப்பை அடக்க முடியாமல், மேடையில் மாட்டியிருந்த தென்காசி மாவட்ட வரைபடத்தைக் கழற்றி, ஆறுதல் பரிசாக என் கையில் கொடுத்தார்.

கீழே இறங்கினால் உலகைக் காணோம். பஜ்ஜிக் கடைக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை அழுகிறாள் என்று எனக்கும் கண் கலங்கி, பக்கத்தில் போய்த் தொட்டேன். நிமிர்ந்தாள். சிரிப்பு! மூச்சு விட முடியாத சிரிப்பு. அவள் அப்படிச் சிரித்து எத்தனை மாசம் ஆகியிருந்தது!

"எம்மா... வழியிலதான் இருக்கேன்னியே..."

"தோத்துட்டேன் உலகு."

"தோத்துட்டதான். இருந்தாலும் எழுதுதேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உன்னைவிட மோசமா நான் என்னத்தச் செஞ்சிரப் போறேன்?"

அன்றைக்கே சாக்கை அவிழ்த்தாள்.

தேர்வு அறையில் வழக்கம்போலக் கை நடுங்கியதாம். தாளைத் திருப்பியிருக்கிறாள். அங்கே ஒரு கேள்வி: தென்காசி மாவட்டம் எந்த மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது? அவ்வளவுதான். அடக்க அடக்கச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கண்காணிப்பாளர் அம்மா ஓடிவந்து, "என்னம்மா, உடம்புக்கு முடியலையா?" என்றாராம். "எங்கம்மா ஞாபகம் வந்துட்டு மேடம்" என்றிருக்கிறாள். சிரித்து முடித்துப் பார்த்தால் கை நடுக்கத்தைக் காணோம். மளமளவென்று எழுதிவிட்டு வந்தாள்.

இன்றைக்குத் திருவேங்கடம் தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கிறாள். போன் செய்தால் 'அம்மா' என்று கூப்பிடுவது கிடையாது. "திருநெல்வேலி மாவட்டமே, சாப்பிட்டியா?" என்றுதான் கேட்பாள். வரைபடம் எங்கள் பூஜை அறை வாசலில் தொங்குகிறது. வருகிறவர்களை அதன் முன்னால் நிறுத்தி வீட்டுக்காரர் கதையைத் தொடங்கிவிடுவார்.

அதனால்தான் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், தேர்வுக்குப் பயப்படுகிற பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். (சொல்லாவிட்டால் கெடுதல் ஒன்றும் வராது. சாமி அப்படியெல்லாம் கணக்குப் பார்ப்பதில்லை.) ஆனால் நான் எழுதியபடியே சொல்லுங்கள். என் வீட்டுக்காரர் சொல்கிற மாதிரி நான் மேடையில் கற்பூரம் காட்டவில்லை. என் கொழுந்தன் சொல்கிற மாதிரி வக்கீலுக்கு விபூதி பூசவும் இல்லை. முக்கியமாக, பாவம் இந்தப் பொம்பளை என்று இரக்கப்பட்டு 'திருநெல்வேலி'யை 'தென்காசி' என்று திருத்திவிடாதீர்கள். நான் சொன்னது சரியான பதில்தான். கேள்விதான் கொஞ்சம் தாமதமாக வந்தது.