தானாகப் பிரேக் போட்ட காரும் ஓல்டான் மாமாவும்

எங்கள் ஊரில் ஓல்டான் மாமா உட்காராத இடதுபக்க சீட்டே கிடையாது. டிராக்டர், ஆட்டோ, பள்ளிக்கூட வேன், கல்யாணக் கார், போர்வெல் லாரி எதுவானாலும் டிரைவருக்குப் பக்கத்து இடம் அவருடையது. யாரும் கொடுத்ததில்லை, அவரே எடுத்துக்கொண்டது. ஒரு முறை அவரைத் தேள் கொட்டி ஆம்புலன்ஸ் வந்தது. பின்னால் இருந்த படுக்கையை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்கதவைத் திறந்து ஏறி, சித்தூர் பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் "லெஃப்ட்ல மாடு! லெஃப்ட்ல மாடு!" என்று கத்திக்கொண்டே போனார். அங்கே டாக்டர் முதலில் பி.பி. பார்த்தது ஆம்புலன்ஸ் டிரைவருக்குத்தானாம்.

மாமா முன்பு பலமனேரிலிருந்து சென்னைக்குத் தக்காளி ஏற்றிப் போகும் லாரியில் கிளீனர். இடதுபக்கம் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துச் சொல்வதும், லாரி ரிவர்ஸில் பின்னால் வரும்போது இறங்கி நின்று வழிகாட்டுவதும்தான் வேலை. அதற்கு அவரிடம் ஒரு சட்டமே இருந்தது. வண்டி பின்னால் வரவேண்டுமானால் தெலுங்கு: "ரானி, ரானி, ரானி!" முன்னால் போகத் தமிழ்: "போ, போ, போ!" ஆபத்து என்றால் இங்கிலீஷ் ஹோல்ட் ஆன், அவர் வாயில் "ஓல்டான்!" வாய்க்கு வேலை இல்லாத இடத்தில் கை. வண்டியின் உடம்பில் ஒரு தட்டு தட்டினால் நில், ரெண்டு தட்டு தட்டினால் கிளம்பு.

வேலையில் கெட்டிக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய ஓல்டான்களில் பாதி பறக்கிற பிளாஸ்டிக் பைக்கும் ரோட்டில் விழுந்த மர நிழலுக்கும் சொன்னவை. அவருடைய லாரி டிரைவர் இடது காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் ஓட்டுவாராம். அதுகூட மாமாவே பெருமையாகச் சொன்னது: "நம்ம கொரலு அப்படி!" கல்யாண மாப்பிள்ளையின் காரை "ரானி, ரானி" என்று அழைத்துப் போய் மாட்டுத் தொட்டியில் உட்கார வைத்த சரித்திரமும் அவருக்கு உண்டு.

பிறகு லாரிகளுக்குப் பின்னால் கேமரா வந்தது. டிரைவர் முன்னால் இருக்கும் திரையைப் பார்த்தே பின்னால் வந்துவிடலாம். முதலாளி, "இனி கிளீனர் வேணாம்பா" என்று சொல்லிவிட்டார். மாமா தோளில் துண்டோடும், குறையாத குரலோடும் ஊருக்கு வந்து சேர்ந்தார். அன்று முதல் ஊர் வண்டிகளுக்குக் காது வலி.

இந்தச் சமயத்தில்தான் நான் கார் வாங்கினேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை முதலில் மிதித்தது நான். அப்பாவுக்கு, எங்கள் பேச்சில் நைனாவுக்கு, கையெழுத்து போடச் சொல்லிக் கொடுத்ததும் நான். ரேணிகுண்டா பக்கம் ஒரு தொழிற்சாலையில் எந்திரங்களைச் சோதிக்கிற வேலை, வாரக் கடைசியில் ஊர். எங்கள் தெருவில் முதலில் ஸ்டியரிங் பிடித்த பெண்ணும் நான்தான். இதையெல்லாம் அடக்கமாகச் சொல்லத் தெரிந்தால் சொல்லியிருப்பேன்.

நான் வாங்கிய கார் புது மாதிரி. கண்ணாடிக்கு உள்ளே ஒரு கேமரா ரோட்டைப் பார்த்துக்கொண்டே வரும். கோட்டைத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்கும். எதிரில் எதையாவது இடிக்கப் போனால் கீச்சென்று கத்தும். நாம் கவனிக்காவிட்டால் தானே பிரேக் போடும். திருப்பதியில் வண்டியை எடுத்து, அலிபிரியில் பூஜை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் கிளம்பினோம். பின்சீட்டில் நைனா. இடதுபக்கம் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

சித்தூர் நெருங்கும்போது ஒரு ஆட்டோ குறுக்கே பாய்ந்தது. மாமா வாயைத் திறப்பதற்குள் கார் கீச்சிட்டு, தானே பிரேக் போட்டு நின்றது. மடியிலிருந்த பூஜைத் தேங்காய் பறந்து கண்ணாடியில் மோதியது. மாமாவின் வாய் 'ஓ' என்ற நிலையிலேயே நின்றுவிட்டது.

"இன்னாமே, யாரு பிரேக் போட்டது?"

"நான் போடல மாமா. வண்டியே போட்டுச்சு."

"வண்டியே போட்டுச்சா?" குனிந்து என் காலைப் பார்த்தார். பிறகு பின்னால் திரும்பி நைனாவை முறைத்தார். "யோவ் மச்சான், நீ எதுனா பண்ணியா?"

"நான் தூங்கிக்கினு வரேன். என்ன ஏன்யா கேக்கற?"

அதோடு மாமாவுக்கு வியர்த்துவிட்டது. ஊர் வரும்வரை சீட்டின் நுனியில் உட்கார்ந்து, பேய் பிடித்த வீட்டைப் பார்ப்பதுபோல் காரின் கூரையையும் தரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தார். ஸ்டியரிங் ஒரு முறை நடுங்கியபோது, "ஜொரமாமே அதுக்கு?" என்று கேட்டார். எருமைக் கூட்டத்தைக் கண்டு கார் கீச்சிட்டபோது திடுக்கிட்டு, "எருமைய அதுக்கு யாரு காட்டிக் குடுத்தது?" என்றார்.

அடுத்த வாரம் போட்டி ஆரம்பமானது. கார் கீச்சிடுவதற்கு முன்னால் தான் கத்திவிட வேண்டும் என்று மாமா முடிவு செய்துவிட்டார். அதனால் இல்லாததற்கெல்லாம் கத்தினார்.

"ஓல்டான்! அந்த வளைவுக்கு அப்பால மாடு!"

வளைவு தாண்டினோம். ரோடு காலி. "எங்க மாமா மாடு?"

"வர்லாம் இல்ல? வந்தா இன்னா பண்ணுவ?"

வலது காதில் காரின் கீச்சு, இடது காதில் மாமா. பழைய லாரி டிரைவரின் பஞ்சு எனக்கு அடிக்கடி ஞாபகம் வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்தேன். சனிக்கிழமை காலையில் வாசலுக்குப் போய்க் காரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முன்கண்ணாடியில், சரியாகக் கேமராவுக்கு நேராக, உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள். அதன் நடுவில் எட்டணா அளவு குங்குமம். மாமா துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"வண்டிக்குப் பொட்டு வெச்சேன்மே. கண்ணு படாது."

வண்டியைக் கிளப்பினேன். கேமரா மறைந்திருக்கிறது என்று திரையில் எழுத்து வந்தது. கீச்சும் இல்லை, நடுக்கமும் இல்லை. "பாத்தியா, சாமி அதும் வாய மூடிட்சி!" என்று மாமா சாய்ந்து உட்கார்ந்தார். அத்தனை திருப்தியான முகத்தை நான் பார்த்ததேயில்லை. பலமனேர் மார்க்கெட்டுக்குப் போகிற வழி. நைனா எங்கள் தக்காளியோடு விடியற்காலையிலேயே டெம்போவில் போயிருந்தார். அவரைக் கூட்டி வரத்தான் கிளம்பினோம். மலை ரோடு ஆரம்பிக்கிற இடத்தில் எனக்கு மனசு கேட்கவில்லை. ஓரமாக நிறுத்தி இறங்கி, ஈரத் துணியால் மஞ்சளை அழுத்தித் துடைத்தேன்.

மாமா கண்ணாடிக்கு உள்ளேயிருந்து என்னையே பார்த்தார். நான் ஏறி உட்கார்ந்ததும் கேட்டார்:

"அப்போ நான் போதாதா உனுக்கு?"

வண்டியை எடுத்தேன். வளைவு வந்தது, சத்தமில்லை. லாரி வந்தது, சத்தமில்லை. ரோட்டு நடுவில் நிஜமாகவே ஒரு மாடு நின்றது. கார் கீச்சிட்டது, மாமா வாயே திறக்கவில்லை. எனக்குப் பயமே வந்துவிட்டது. மாமா இருக்கும் வண்டியில் அப்படியொரு அமைதியை எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை.

மார்க்கெட்டுக்குக் கொஞ்சம் முன்னால், "நிறுத்துமே, எறங்கிக்கறேன்" என்றார். ஓல்டான்கூடச் சொல்லவில்லை. இறங்கி, திரும்பிப் பார்க்காமல் கூட்டத்துக்குள் போய்விட்டார். இறக்கிவிட்டு என்னால் சும்மா போக முடியுமா? டீக்கடை, பீடாக் கடை என்று தேடிக்கொண்டே மெதுவாக ஓட்டினேன். காணோம்.

கார் அலறியது. என் கால் பிரேக்குக்குப் போவதற்கு முன்பே எதன் மீதோ முட்டியதைப் போல ஒரு குலுக்கல், நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் கண்ணாடிக்கு முன்னால் ஒரு முதுகு. தோளில் அந்தத் துண்டு.

நடந்தது இதுதான். மார்க்கெட் வாசலில் ஒரு லாரி பின்பக்கமாக ரோட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் மாமாவுக்குக் கோபமெல்லாம் மறந்துவிட்டது. கையைத் தூக்கி, "ரானி, ரானி" என்று பின்னோக்கி நடந்து நடந்து, நேராக என் காருக்கு முன்னால் வந்துவிட்டார். ஊரிலுள்ள எல்லா வண்டியின் முதுகையும் பார்த்த மனுஷன் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்ததில்லை. அவர் லுங்கி என் பம்பரில் உரசிக்கொண்டிருந்தது.

இன்னும் ஒரு அடி பின்னால் வைத்தார். பொத்தென்று பானெட்டில் உட்கார்ந்தார். திரும்பி என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், லாரியை மறந்தேபோனார். நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் லாரி மட்டும் வந்துகொண்டே இருந்தது. நான் ஹாரனில் கையை வைத்து அழுத்தினேன். லாரி பக்கத்தில் தக்காளிக் கூடையோடு நின்ற நைனா, கூடையைக் கீழே போட்டுவிட்டு லாரியின் உடம்பில் ஓங்கி ஒரே ஒரு தட்டு தட்டிக் கத்தினார்.

"ஓல்டான்!"

லாரி நின்றது. தக்காளி ரோடெல்லாம் உருண்டது. நைனா ஓடி வந்து என் கதவைத் திறந்துவிட்டார். பிறகு மாமாவைப் பார்த்து, "அறிவு கீதாயா உனுக்கு? துன்னுறது சோறுதானே?" என்று கத்தினார். நைனாவின் குரலை அவ்வளவு உயரத்தில் நான் கேட்டது அன்றுதான்.

மாமாவுக்கு எதுவும் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்.

"பிரேக் போட்டது நீயா? அதுவா?"

நான் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "அது, மாமா."

மாமா காரின் பக்கம் திரும்பினார். "ஆயுசு பூரா நான்தான் எல்லாருக்கும் ஓல்டான் சொல்லிக்கினு கீறேன். எனுக்குன்னு ஒருத்தனும் சொன்னதில்லமே" என்றார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து, கேமராவுக்கு நேராக இருந்த கண்ணாடியை, குழந்தைக்கு மூக்கு துடைப்பதுபோல் துடைத்தார். ஓரத்தில் நான் விட்டுவைத்திருந்த மஞ்சள் கறையை நகத்தால் சுரண்டினார்.

"கண்ணுல தூசி வுழாம பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, சுற்றி வந்து இடதுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

இப்போதும் கத்துகிறார், குறையவில்லை. ஆனால் கார் முந்திக்கொண்டு கீச்சிட்டால், "சொல்லு, சொல்லு" என்று அதற்கு இடம் விடுகிறார். திங்கள்கிழமை காலையில் நான் ரேணிகுண்டாவுக்குத் தனியாகக் கிளம்பும்போது வந்து வண்டிக்குப் பின்னால் நிற்பார். பின்கேமராத் திரை எப்போதோ வழி காட்டிவிட்டிருக்கும். சுற்றிலும் ஒரு தடையும் இருக்காது. ஆனாலும் டிக்கியில் அந்த ரெண்டு தட்டு விழுகிறவரை நான் பிரேக்கிலிருந்து காலை எடுப்பதில்லை.