முப்பது செகண்டு அசையாதீங்க

மேனுவல்காரர் என்றோர் இனம் இப்போது வீட்டுக்கு வீடு பெருகிவருகிறது. கண்டுபிடிப்பது சுலபம். கழுத்தில் பெரிய கேமரா, தோளில் முக்காலி. 'ஆட்டோ' என்று நீங்கள் வாய்தவறிச் சொன்னால் முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி ஆகும். வெளிச்சத்தைத் தானே கணக்குப் போட்டுப் படம் எடுக்கும் வசதியைக் கேமராவில் வைத்தவன் தனக்குத் துரோகம் செய்துவிட்டதாகவே அவர் நினைக்கிறார். ஷட்டர் திறந்திருக்கும் நேரம், அபெர்ச்சர் என்கிற துளையின் அளவு, வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் ஐஎஸ்ஓ மூன்றையும் தன் கையால்தான் திருகுவார். அதுவும் இருட்டிய பிறகுதான். பகலில் யார் வேண்டுமானாலும் எடுத்துவிடலாமாம்!

என் மனைவியின் அண்ணனையே எடுத்துக்கொள்ளுங்களேன். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் மேற்பார்வையாளர். பட்டனை அழுத்தினால் ஆள் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் அவருடைய தொழில். அப்படிப்பட்ட மனிதர் இரவில் படம் எடுப்பது எப்படி என்று ஆறு வார ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தார். மூன்றாவது வாரத்திலிருந்து, பட்டனை அழுத்திப் படம் எடுக்கிற நம்மைப் போன்றவர்கள் எல்லாம் அவர் கண்ணுக்குப் பூச்சிகளாகத் தெரிய ஆரம்பித்தோம்.

பயிற்சி என்று சொல்லிச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டு விளக்குகளை எல்லாம் அணைப்பார். மேஜைமேல் ஒரு கண்ணாடி டம்ளர், பக்கத்தில் ஒரு மெழுகுவத்தி. அதை மட்டும் நூற்று நாற்பது படம். இருட்டில் அவர் மனைவி முக்காலியில் இடித்துக்கொண்டு "ஐயோ" என்றால், "ஆடாத, ஷட்டர் தொறந்திருக்கு!" என்று பாய்வார். அப்புறம் குனிந்து தடவிப் பார்ப்பார். எதை? முக்காலியைத்தான்.

அடுத்து உங்களைப் பிடித்து உட்காரவைத்துக் காட்டுவார். "எப்படி இருக்கு?" நீங்கள் வாயைத் திறப்பதற்குள் அவரே பதிலும் சொல்லிவிடுவார்: "எஃப் எட்டு, இருபது செகண்டு, ஐஎஸ்ஓ நூறு." படத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அது அவருக்கே தெரியாது. ஒருமுறை தன் அம்மாவிடம், அதாவது என் மாமியாரிடம், ஒரு தெருவிளக்குப் படத்தைக் காட்டி, "கொஞ்சம் நாய்ஸ் ஜாஸ்திம்மா" என்று வருத்தப்பட்டார். அத்தை கேமராவைக் காதோரம் வைத்துக் கேட்டுவிட்டு, "சத்தமே வரலையேடா" என்றார். படத்தில் மணல் தூவினாற்போலத் தெரியும் புள்ளிகளுக்குத்தான் அந்தப் பெயர் என்று அரைமணி நேரம் பாடம் நடந்தது.

நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், அவருடைய தம்பி, அதாவது என் மச்சினன், கப்பல் வேலைக்குக் கிளம்பிய அந்தச் சாயங்காலம் வரை.

அவன் வீட்டின் கடைக்குட்டி. இரண்டு வருஷ ஒப்பந்தம். அத்தை கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "உங்க மூணு பேரோட நானும் நிக்கிற மாதிரி ஒரு படம் எடுத்துக் குடுங்கடா. அவன் ஸ்கூல் யூனிஃபார்ம்ல இருக்கறப்ப எடுத்ததுதான் கடைசி."

விடுவாரா மேனுவல்காரர்? எல்லோரையும் மொட்டைமாடிக்கு ஏற்றினார். இருட்டும்வரை காக்கவைத்தார். இருட்டியதும் மாடி விளக்கை அணைத்தார், மஞ்சள் வெளிச்சம் படத்தைக் கெடுத்துவிடுமாம். முக்காலியை விரித்தார், மடக்கினார், மறுபடி விரித்தார். தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் என்னை டார்ச்சோடு நிறுத்திவைத்து ஃபோகஸ் பார்த்தார். இருபத்தைந்து நிமிஷம் போயிற்று. கீழே டாக்ஸி வந்து ஹாரன் அடித்தது.

"மச்சான், நான் வேணா ஃபோன்ல ஒண்ணு எடுத்துடட்டுமா?"

"மாப்ள, அதெல்லாம் ஒரு படமா?"

நான் ஃபோனைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஒதுங்கினேன்.

டைமரைத் தட்டிவிட்டு ஓடிவந்து அம்மா பக்கத்தில் நின்றார். "முப்பது செகண்டு! யாரும் அசையாதீங்க. மூச்சு விடலாம், மெதுவா." பத்து செகண்டுகூட ஆகியிருக்காது, மச்சினனின் ஃபோன் அடித்தது. டிரைவர். "இதோ வந்துட்டேண்ணே" என்றபடி அவன் கைப்பிடிச் சுவரோரம் போய்க் கையசைத்தான். "அசையாதடா!" என்று அண்ணன் உறுமினார், உதடு அசையாமல்.

"சரி, இன்னொண்ணு எடுத்துடலாம், நில்லு." எடுக்க முடியவில்லை. நாய்ஸைக் குறைக்கிறேன் பேர்வழி என்று கேமரா தன் பங்குக்கு இன்னொரு முப்பது செகண்டு எடுத்துக்கொண்டது. அந்த வசதியைப் போட்டுவைத்தவரும் அவர்தான். மச்சினன் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். "அண்ணா, நேரமாச்சு. போயிட்டு வரேன்." அண்ணன் திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இருடா, ப்ராசஸ் ஆகுது." அது ஆனதும் மறுபடி எதையோ திருக ஆரம்பித்தார். நிமிர்ந்து "ரெடி" என்றபோது மாடியில் நானும் தண்ணீர்த் தொட்டியும்தான் நின்றோம்.

படத்தில் அத்தை இருக்கிறார், என் மனைவி இருக்கிறாள், அவரும் விறைப்பாக இருக்கிறார். மச்சினன் நின்ற இடத்தில் புகை மாதிரி ஏதோ ஒன்று. அவன் சட்டைக்குள் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது, அதன் குழாயும் மூடியும் மூடிமேல் வைத்த செங்கல்லும் துல்லியமாக. இதைத் தன் வகுப்புக் குழுவில் போட்டு எழுபத்தெட்டுப் பேரிடம் சபாஷ் வாங்கினார். பிறகு அம்மாவிடம் கொண்டுவந்தார்.

"இது ஒரு எஃபெக்டும்மா. எல்லாருக்கும் வராது."

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "தொட்டி நல்லா விழுந்திருக்குடா" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை. பாதி அவர்மேல், பாதி ஃபோனைப் பைக்குள் போட்ட என்மேல்.

அது கிடக்கட்டும். நீங்கள் ஓர் உண்மையைச் சொல்லுங்கள். அந்த அம்மாள் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உங்கள் மனதில் என்ன ஓடியது? 'ஐஎஸ்ஓவை நூறுலேர்ந்து மூவாயிரத்து இருநூறுக்கு ஏத்தியிருந்தா ஒரே செகண்டுல முடிஞ்சிருக்குமே' என்று ஓடியதா? கணக்கு சரிதான். ஆனால் அப்படி ஓடியிருந்தால் நீங்களும் அந்த இனம்தான். உங்கள் வீட்டில் யாராவது ஊருக்குக் கிளம்பினால், கேமராவை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு, வாசல்வரை கூடப் போய் வழியனுப்பிவிட்டு வாருங்கள்.