ஆறு மணிக்கு அணைந்த வீடு

எனக்குக் கணக்கு வராது. வரும் என்று இருபத்தாறு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். அதனால் என் தங்கை பகவதியின் கல்யாணமே கெட்டுப்போக இருந்தது.

நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த காலம். வடசேரியில் எங்கள் வீட்டுக்குக் கரண்டு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. முதல் பில்லே வரவில்லை. தெருமுனை அரிசி மில் முதலாளி, காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை கரண்டு பாதி விலை என்று பேச்சுவாக்கில் சொன்னார். எனக்கு அது போதும். அன்றிலிருந்து பகலெல்லாம் நான்கு பல்பும் எரிந்தன (பாதி விலைதானே, வெயிலில் எரிந்தால் என்ன?). சுவர்க் கடிகாரம் மாலை ஆறு அடித்ததும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எல்லாரையும் அரிக்கேன் விளக்கில் உட்கார வைத்தேன். மண்ணெண்ணெயும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம் என்பது என் மூளைக்கு எட்டவில்லை.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரணியலிலிருந்து பகவதியைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனுக்கு சர்க்கார் உத்தியோகம் என்று மட்டும் தரகர் சொல்லியிருந்தார். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்ததால் அம்மா பயந்துபோயிருந்தாள்.

"மக்கா, இன்னைக்கு ஒரு நாளு அந்தச் சுவிச்ச விட்டிருலே. வெளக்கு எரியட்டு" என்றாள். சரி என்று தலையாட்டினேன்.

வந்தவர்கள் சீக்கிரமே வந்துவிட்டார்கள். ஆனால் ராகுகாலம் ஆறு மணிவரை. கொட்டுகிற மழையில் வில்வண்டிக்குள்ளேயே காத்திருந்தார்கள். கடிகாரம் ஆறு அடித்தது. மாப்பிள்ளையின் அப்பா வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். என் கை, இத்தனை நாள் பழக்கத்தில், தானாகப் போய் மெயினை அணைத்தது.

இருட்டில், கால் கழுவ வைத்திருந்த கிண்டியில் அவர் கால் தட்டித் தண்ணீர் கவிழ்ந்தது. வழுக்கியவர் போய் உட்கார்ந்தது முந்திரிக்கொத்துப் பலகாரத் தாம்பாளத்தில். உடனே சுவிட்சைப் போட்டிருக்கலாம். நான் அப்படிப்பட்டவனா? இருட்டிலேயே நின்று, ஆறு மணிக்குமேல் கரண்டு முழு விலை என்று வந்தவர்களுக்கு விளக்கம் சொன்னேன்.

பிறகு மாப்பிள்ளையின் குரல் நிதானமாக வந்தது.

"அது மில்லுக்குள்ள ரேட்டாக்கும். வீட்டுக்கு எந்நேரமும் ஒரே ரேட்டுதான். கரண்டாபீசுல பில்லு எழுதுகது நானாக்கும்."

அடுக்களைக்குள்ளிருந்து பகவதி சிரித்துவிட்டாள். அடக்க முயன்று, முடியாமல், இன்னும் பலமாகச் சிரித்தாள். போச்சு என்று நினைத்தேன்.

"வெளக்கப் போடச் சொல்லுங்கோ. சிரிச்சது ஆருன்னு பாக்கணும்" என்றார் மாப்பிள்ளை.

கல்யாணம் நடந்தது. தாலிகட்டு முடியும்வரை என் சித்தப்பா மெயினுக்குக் கீழே காவலுக்கு உட்கார்ந்திருந்தார். அந்த மாதம் தெருவிலேயே பெரிய பில் எங்களுக்குத்தான், எழுதியவர் மாப்பிள்ளை.

பகவதி இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். இன்றும் நான் அவள் வீட்டில் இருக்கும்போது மணி ஆறை நெருங்கினால், ஒன்றும் பேசாமல் ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டுபோய் சுவிட்சுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள்.