ஆறு கனெக்டிங் ராடும் உங்கள் அத்தை வைத்த பொட்டும்

குலாம் பாய் பட்டறை,
காவேரிப்பட்டினம்,
வியாழக்கிழமை.

மதிப்பும் அன்பும் மிக்க மாப்பிள்ளை ஹரீஷ்குமார் அவர்களுக்கு, மாமனார் கிருஷ்ணப்பன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தை மணிமேகலையும் சுகம். மாந்தோப்பு சுகம். லாரி மட்டும் வயிறு திறந்தபடி பட்டறையில் கிடக்கிறது. அங்கே ஓசூரில் நீங்களும் என் மகள் பிரியதர்ஷினியும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை நிற்கட்டும்.

போனில் சொல்லாமல் காகிதத்தில் எழுதுகிறாரே என்று நினைக்க வேண்டாம். போன மாதம் உங்களுக்கென்று பேசி அனுப்பியது குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போய், உங்கள் அத்தையைப் பற்றி நான் சொன்ன ஒரு வார்த்தையை ஒன்பது பேர் கேட்டார்கள். பத்தாவதாக அவளும் கேட்டாள். அதனால் இதை மாம்பழப் பெட்டிக்குள் வைத்து ஓசூர் பஸ்ஸில் அனுப்புகிறேன். பழம் பிரியாவுக்கு, கடிதம் உங்களுக்கு மட்டும்.

நடந்தது நடந்தபடி எழுத்தில் இருக்கட்டும் என்று முதலிலிருந்து சொல்கிறேன். "டீசல் பம்பைக் கொஞ்சம் கூட்டி வச்சா சூளகிரி மேட்டுல வண்டி பறக்கும்ணே" என்று ஒருத்தன் சொன்னான், நானும் கூட்டி வைத்தேன், ஒரு மாதம் பறந்தது, அப்புறம் அதே சூளகிரி மேட்டில் டக் டக் என்று சத்தம் வந்து நின்றது, திறந்து பார்த்தால் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கனெக்டிங் ராடு ஆறில் ஒன்று வளைந்து கிடக்கிறது. பிரியா உடனே வந்து, "அறுபத்திரண்டு வயசாச்சுப்பா, போதும், வித்துட்டு எங்க வீட்டுக்கு வாங்க" என்றாள். உங்கள் அத்தையும் தலையாட்டினாள். எனக்கு ரோஷம் வந்து, வருகிற திங்கட்கிழமை கிருஷ்ணகிரி மாங்கூழ் ஃபேக்டரிக்கு சீசன் முதல் மாங்காய் லோடு ஏற்ற வண்டி ஓடவில்லை என்றால் சாவியை உன் கையில் கொடுத்துவிடுகிறேன் என்று எல்லோர் எதிரிலும் சொல்லித் தொலைத்தேன். நீங்கள் ஒருவர்தான் "ரிப்பேர் பண்ணிடலாம் மாமா" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தைக்கு நீங்கள் நூறு வயசு இருக்க வேண்டும். முப்பத்தெட்டு சீசன் ஓட்டியிருக்கிறேன் மாப்பிள்ளை. வண்டி இல்லாத திங்கட்கிழமையில் ஒரு மனுஷன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது.

கூட்டி வைத்த இன்ஜினுக்கு பழைய மாதிரி ராடு தாங்காது, அடித்து உருவாக்கிய கெட்டி ராடாக வாங்குங்கள், ஆறும் ஒரே எடையாக இருக்கட்டும் என்று நீங்கள் தெளிவாகச் சொன்னீர்கள். ஆனால் நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருத்தர் ஃபேக்டரிக்குப் போகிறவர், போகிற எல்லோரும் இன்ஜினியர். பக்கத்து வீட்டு வெங்கடப்பன் போல்ட் கம்பெனியில் வாட்ச்மேன். அவன் "ஐ எழுத்து மாதிரி இருக்கறதுதாண்ணே டீசலுக்கு" என்றான். டீக்கடைத் திருமலை "எச் எழுத்து மாதிரி இருந்தாத்தான் வளையாது" என்றான். இரண்டு பேரும் என் வண்டியை மறந்துவிட்டு ஒருத்தரையொருத்தர் சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போய்விட்டார்கள். நான் காசு கொடுக்காத டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

கடைசியில் மூக்கண்டப்பள்ளி கெம்பம்மாவின் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனோம். போனோம் என்றால், உங்கள் அத்தையும் கூட வந்தாள். கெம்பம்மா நாற்பது ராடு எடுத்துப் போட்டது. நான் ஒவ்வொன்றையும் நாணயத்தால் தட்டி, காதில் வைத்துக் கேட்டு, நல்ல மாங்காய் பொறுக்குகிற மாதிரி ஆறு பொறுக்கினேன். கெம்பம்மா அதைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதென்ன கச்சேரியா?" என்று கேட்டு ஆறையும் திருப்பி வைத்துவிட்டு, கிராம் சுத்தமாக வேறு ஆறு எடுத்துக் கொடுத்தது. எச் மாதிரிதான். "ஜோடி மாத்தபேடாண்ணா, கிராங்கைக் கவ்வுற இந்த மூடி இந்த ராடுக்குத்தான், சேர்த்து வச்சு ஒண்ணாக் குடைஞ்சது, நம்பர் உங்க மேஸ்திரி குத்திக்குவாரு" என்று கன்னடம் கலந்து நாலு தடவை சொன்னது. எனக்கு மனசு தராசிலேயே இருந்தது. உங்கள் அத்தை ஸ்டூலில் உட்கார்ந்து எதையும் காதில் வாங்காமல் முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தது. புது ராடை சாமி படத்துக்கு முன்னால் வைக்காமல் இன்ஜினுக்குள் விடக்கூடாதாம். வைத்துத் தொலை என்று கடைத்தெருவுக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், என் ஸ்பேனரை எடுத்து ஆறு ராடின் மூடியையும் கழட்டி, எண்ணெய்ப் பிசுக்கு போகக் குளிப்பாட்டித் துடைத்து, பொட்டு வேறு வைத்திருக்கிறாள். அதுவும் ஒரு ஒழுங்கில்லை. ஒன்றுக்கு ஒரு பொட்டு, இன்னொன்றுக்கு மூன்று, கடைசி ஒன்றுக்கு ஆறு! குங்குமம் வைக்கிறதில்கூடவா ஒரு ராடுக்குக் கஞ்சத்தனம் ஒரு ராடுக்குத் தாராளம்? அவள் கற்பூரம் காட்டிவிட்டு உள்ளே போனதும், நான்தான் அவசர அவசரமாக எல்லா மூடியையும் கையால் முறுக்கி, சாக்கில் கட்டி, பாயிடம் கொண்டுவந்து சேர்த்தேன்.

குலாம் பாய் நகத்தால் உள்பக்கம் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார். இணைகிற இடத்தில் நகம் தட்டியது. அடுத்ததிலும் தட்டியது. "கிருஷ்ணப்பா, மூடியெல்லாம் ஜோடி மாறிப்போச்சுப்பா. இப்படியே மாட்டினா இன்ஜின் முதல் மேட்டுலயே போயிரும். திரும்பக் குடைஞ்சு வரணும்னா பத்து நாளு" என்று உட்கார்ந்துவிட்டார். "பொட்டையாவது துடைச்சுப் போடுங்க பாய்" என்றேன். "சாமிக்கு வச்சது, நான் கை வைக்கமாட்டேன், நீயே துடைச்சுக்க" என்றார். எனக்கும் துடைக்க மனசு வரவில்லை.

இது தெரியாமல் நடந்தது என்றா நினைக்கிறீர்கள்? வண்டியை விற்கச் சொல்லித் தலையாட்டியவள் அவள். மூடியைக் கழட்டியவளும் அவள். சாமி பேரைச் சொல்லி என் வண்டியை நிறுத்திவிட்டாள் மாப்பிள்ளை! முப்பத்தாறு வருஷம் கூடக் குடித்தனம் பண்ணி இப்படியா? ஆகவே உங்களை வேண்டுவது, உங்களுக்குத் தெரிந்த இடத்தில் திங்கட்கிழமைக்குள் குடைந்து தருவார்களா என்று விசாரியுங்கள். முடியாவிட்டால் பிரியாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், சாவியை நானே கொண்டுவந்து தருகிறேன், வாங்கும்போது சிரிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் இருவருக்கும் என் ஆசீர்வாதம். சம்பந்தி வீட்டாருக்கு என் வணக்கம். உங்கள் அத்தையின் விசாரிப்பை அவளிடமே நேரில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மனம் நொந்த மாமனார்,
கிருஷ்ணப்பன்

பின்குறிப்பு: இன்று சனிக்கிழமை. பழம் கனியாததால் பெட்டி போகவில்லை, நல்லதாகப் போயிற்று. மேலே எழுதியதில் சாமி, சுகம் தவிர மற்ற எல்லாம் ரத்து. நான் கையெழுத்துப் போட்ட கொஞ்ச நேரத்தில் உங்கள் அத்தை பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். விரித்து வைத்திருந்த ராடுகளைப் பார்த்தாள். "ஏங்க, மூணு பொட்டு மூடியை ஏன் அஞ்சு பொட்டு ராடுல மாட்டியிருக்கீங்க?" என்று கேட்டாள். பாய் எழுந்து நின்றுவிட்டார். ஜோடி மாறக்கூடாது என்று கெம்பம்மா சொன்னதை அவள்தான் கேட்டிருக்கிறாள். ராடுக்கு எத்தனை பொட்டோ அதன் மூடிக்கும் அத்தனை பொட்டு என்று ஆறு ஜோடிக்கும் அடையாளம் வைத்துத்தான் கழட்டியிருக்கிறாள். மாற்றிப் போட்டது நான். கால்மணி நேரத்தில் சரியான ஜோடிகள் சேர்ந்தன. பாய் நகத்தை விட்டார், எங்கேயும் தட்டவில்லை. "நீதானே விக்கச் சொன்னே?" என்று கேட்டேன். "ஓட்ட வேணாம்னு சொன்னேன். மேட்டுல உடைஞ்சு நீங்க அடிபடணும்னு எப்பச் சொன்னேன்?" என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது மாப்பிள்ளை, டீசல் புகை என்று சொல்லிச் சமாளித்தேன். இன்றைக்குக் காலையில் இன்ஜின் முதல் சாவிக்கே பிடித்தது. பம்பைப் பழையபடி குறைத்து வைக்கச் சொன்னாள், குறைத்தாயிற்று. திங்கட்கிழமை லோடுக்கு அவளும் கேபினில் வருகிறாளாம், மேட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து சத்தம் கேட்கப் போகிறாளாம். நான் அவளைப் பற்றி எழுதிய அந்தக் கடைசிப் பக்கத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன். ஆனால் பாய் நம்பர் குத்துவதற்காக எந்த ஜோடிக்கு எத்தனை பொட்டு என்று எழுதிக்கொடுக்க அவள் எடுத்த காகிதம், அதே பக்கத்தின் பின்புறம். திருப்பிப் பார்த்தாளா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. சாம்பாரில் இதுவரை உப்பு சரியாகத்தான் இருக்கிறது.