தேவாங்கு டீச்சர் நடத்திய கலைப்புப் பாடம்

ஒரு காட்டில் சிங்கம் இருந்தது என்று ஆரம்பித்தால் கதைக்கு லட்சணமாக இருக்கும். இந்தக் காட்டில் சிங்கம் இல்லை, பல்கலைக்கழகம்தான் இருந்தது. அதில் சிறுதோப்பு மேலாண்மைத் துறை என்று ஒன்று. வீட்டுக்குப் பின்னால் நாலு தேக்கு, பத்து வேம்பு வைத்திருக்கிற பிராணிகளைத் தேடிப் போய், மரத்தை எப்படிப் பராமரிப்பது என்று சொல்லித்தருவதுதான் அந்தத் துறையின் வேலை. அதற்கு விரிவாக்கப் பணி என்று பெரிதாகப் பெயர் வைத்திருந்தார்கள்.

துறையில் இரண்டே விரிவுரையாளர்கள். ஒருத்தி செண்பகம் என்கிற தேவாங்கு. முகம் நிறையக் கண்ணும் குச்சி குச்சியாகக் கைகாலும் உள்ளவள், படிப்பில் படுகெட்டி. வருஷக்கணக்கில் தொகுப்பூதியத்தில் காலம் தள்ளிக்கொண்டிருந்தாள். இன்னொருவர் இருளப்பன் என்கிற காட்டுப்பன்றி. அவரும் தொகுப்பூதியம்தான், ஆனால் அதை நினைத்து அவர் ஒருவேளைச் சாப்பாட்டைக்கூட விட்டதில்லை. பாடம் நடத்துகிற முகாமுக்கு வருவார், கேட்க வந்தவர்களுக்கென்று அவித்து வைத்த மரவள்ளிக்கிழங்கில் பாதியை முடிப்பார், நிழல் பார்த்துப் படுப்பார். கெட்டவர் என்று சொல்ல முடியாது.

ஒருநாள் துணைவேந்தர் யானையார் இருவரையும் கூப்பிட்டனுப்பினார்.

"உங்க துறையில ஒரு பணியிடத்தை நிரந்தரம் பண்ண அனுமதி வந்திருக்கு. ஆனா ஒரு நிபந்தனை. இந்த வருஷக் கடைசிக்குள்ள நீங்க நடத்துற பாடத்தைக் கேட்டு யாராவது ஒருத்தராவது அதை நடைமுறைப்படுத்திக் காட்டணும். காட்டிட்டா அன்னிக்கே நிரந்தரம். இல்லைன்னா துறையை இழுத்து மூடிடுவோம்."

செண்பகத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. நிரந்தரமானால் வாடகைக் கிளையைக் காலி செய்துவிட்டுச் சொந்தமாக ஒரு பொந்து பார்க்கலாம், தனியாகக் கிடக்கும் அம்மாவைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ளலாம். ஆகாவிட்டால் இந்த வயதில் எந்தக் காட்டில் போய் வேலை கேட்பது? இருளப்பனுக்கு அன்றும் சோறு இறங்கியது.

அவள் எடுத்துக்கொண்ட பாடம் கலைப்பு. தோப்பில் மரங்கள் நெருக்கியடித்து நின்றால் எதுவும் பருக்காது. நோஞ்சான் மரங்களைக் கலைத்து எடுத்துவிட்டால் மிச்சமுள்ளவை மளமளவென்று வளரும். பாடம் இவ்வளவுதான். கேட்டவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள், செய்யத்தான் ஒரு ஜீவனும் முன்வரவில்லை.

"அருமையான யோசனை டீச்சர்" என்றான் சடையாண்டி என்கிற குரங்கு. "முதல்ல பக்கத்துத் தோப்பு வெள்ளையம்மாகிட்டேருந்து ஆரம்பிங்க. என்னோட கோணல் மரத்துல மச்சினன் குடியிருக்கான். அதுல கை வெச்சா வீட்டுல எனக்குச் சோறு கிடைக்காது."

"என் தோப்புல எதுக்கு ஆரம்பிக்கணும்?" என்று சீறினாள் முயல் வெள்ளையம்மா. "ஒல்லியா இருந்தாலும் எல்லாம் நான் வெச்ச கன்னு."

செண்பகம் விடவில்லை. படம் போட்டுக் காட்டினாள், கரண்ட் போய்விட்டது. வில்லுப்பாட்டாகப் பாடினாள், பிரமாதம் என்று ஒன்ஸ்மோர் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். கெடு முடியப்போகிற நேரத்தில் கடைசி முகாமுக்குத் துணைவேந்தரே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் முதல் வரிசை நிறைந்துவிட்டது.

அன்று அவள் எந்தக் குறிப்பையும் பார்க்கவில்லை. ஒரு டேப்பை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு பேசினாள்.

"மரத்தோட உயரத்தையும் அழகையும் பாத்து ஏமாறாதீங்க. மார்பளவு உயரத்துல டேப்பைச் சுத்தி அளங்க. சுற்றளவு உள்ளது நிக்கட்டும். இத்தனை வருஷம் உங்க தண்ணியைக் குடிச்சும் பருக்காதது இனிமேலும் பருக்காது. அதைப் பாத்து இரக்கப்பட்டீங்கன்னா நல்ல மரமும் சேந்து வீணாப் போயிடும். சுண்ணாம்பால ஒரு பெருக்கல் குறி போடுங்க. மனசைக் கல்லாக்கிக்கிட்டு எடுத்துடுங்க."

வெள்ளையம்மா மூக்கை உறிஞ்சினாள். சடையாண்டிகூட, "மச்சினன்கிட்ட ஒரு வார்த்தை பேசிப் பாக்குறேன்" என்றான். அதற்குள் துணைவேந்தர் எழுந்துவிட்டார். அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது.

"எத்தனையோ கருத்தரங்குக்குப் போயிருக்கேன். எனக்குப் புரிஞ்ச முதல் பாடம் இதுதான். நாளைக்குக் காலையிலேயே நடைமுறைப்படுத்துறேன்!"

துணைவேந்தர் மாளிகைக்குப் பின்னால் ஒரு மூங்கில் தோப்பு உண்டு. அதைத்தான் சொல்கிறார் என்று செண்பகம் நினைத்துக்கொண்டாள். கிளைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அம்மாவுக்குப் போன் போட்டு, மூட்டை கட்டச் சொன்னாள்.

காலையில் போனால் தோப்புப் பக்கம் யாரும் இல்லை. ஊழியர்கள் எல்லாரையும் மைதானத்தில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். பதிவாளர் ஓணான் கையில் டேப்போடு நின்றார். துணைவேந்தர் எது சொன்னாலும் தலையாட்டுவதுதான் அவருக்கு உத்தியோகம்.

முதலில் இருளப்பன். மார்பளவு உயரத்தில் டேப் எட்டவில்லை. இன்னொரு டேப்பை முடிச்சுப் போட்டு அளந்தார்கள். துணைவேந்தர் பூரித்துப்போனார். அடுத்தது செண்பகம். டேப் அவளை நாலு சுற்றுச் சுற்றிய பிறகும் தரையில் புரண்டது. ஓணான் சுண்ணாம்பைத் தொட்டு அவள் நெஞ்சில் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"ஐயா, அது மரத்துக்குச் சொன்ன பாடம்!" என்று அலறினாள் செண்பகம்.

"ஏம்மா, நம்ம பல்கலைக்கழகமும் நெருக்கியடிச்சுக்கிட்டுத்தானே நிக்குது? இத்தனை வருஷம் சம்பளம் குடுத்தும் நீ பருக்கலையே. எனக்கும் மனசு கேக்கலைதான். ஆனா இரக்கப்படக் கூடாதுன்னு நீதானே சொன்னே?"

செண்பகத்துக்கு நெஞ்சில் சுண்ணாம்பு எரிந்தது. ஆனாலும் படித்தவள் அல்லவா, சட்டென்று சுதாரித்துக்கொண்டாள்.

"சரிங்கய்யா. என் பாடத்தை ஒருத்தர் நடைமுறைப்படுத்திட்டார். அது நீங்கதான். நீங்க குடுத்த வாக்குப்படி இப்பவே நிரந்தரம் பண்ணணும்."

யானையார் திகைத்துப்போய் ஓணானைப் பார்த்தார். ஓணான் தலையாட்டினார்.

"நியாயமான பேச்சு" என்றார் துணைவேந்தர். "அந்தப் பணியிடம் இந்த நிமிஷத்துலேருந்து நிரந்தரம்."

செண்பகம் கண்ணை மூடிக் கும்பிட்டாள். கும்பிட்ட கையை அவள் இறக்குவதற்குள் யானையார் கேட்டார், "கலைச்சது போக அந்தத் துறையில இப்ப மிச்சம் நிக்கிறது யாரு?"

எல்லாரும் இருளப்பனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவரும் தனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

மாலை போட்டு, வாழ்த்துரை வாசித்து எல்லாம் முடிந்தபின் இருளப்பன் வாசல்வரை ஓடிவந்து அவளைப் பிடித்தார். அவருக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. இனிமே முகாமுல நான்தான் பேசணுமாம். அந்தக் கலைப்புப் பாடத்தை எனக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுத்துட்டுப் போங்களேன்."

செண்பகம் அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் அப்போதுதான் வந்தது. அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடைசியாக ஒருமுறை டீச்சராக நின்று சொன்னாள்:

"வேண்டாம் சார். உங்களுக்கு அது தெரியாமலே இருக்கட்டும். ரிட்டயர் ஆகுற வரைக்கும் நல்லா இருப்பீங்க."

நீதி: பாடத்தைப் புரியும்படி நடத்துகிறவர்கள், முதல் வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்து நடத்த வேண்டும். மற்றவர்கள் வயிறாரச் சாப்பிட்டு வந்தாலே போதும்.