என் இரண்டு தங்கைகள்

ஒரே நேரத்தில் பல இடங்களில் இருப்பது கடவுளுக்கே கஷ்டம். கபாலீஸ்வரரே மாடவீதியைத் தாண்டிப் போவதில்லை. நான் ஒரே காலையில் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு மூன்றிலும் இருந்து காட்டியவள். நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

உளவியல் படித்த திமிர் எனக்கு அப்போது குறையவே இல்லை. ஒரு டிரஸ்ட்டின் மூன்று பள்ளிகளுக்கும் சேர்த்து நான் ஒருத்திதான் கவுன்சிலர். ஆனால் 'முழுநேர மனநல ஆலோசகர் உண்டு' என்ற போர்டு மட்டும் ஒவ்வொரு வாசலிலும் தொங்கியது. (போர்டுக்குச் சம்பளம் கிடையாதே!) பிள்ளைகளின் மனசைத் திறக்கப் போகிறேன் என்று கிளம்பியவளுக்கு மயிலாப்பூரில் கிடைத்தது, கேரம் போர்டும் கிழிந்த வாலிபால் வலையும் கிடக்கிற ஸ்போர்ட்ஸ் ரூம்.

மூன்று பள்ளிகளுக்கும் கல்வித்துறை இன்ஸ்பெக்‌ஷன் நடந்த அன்று காலை, ஒன்பதாம் வகுப்பு நஸ்ரீன் அங்கே வந்தாள். பல வாரமாக வாசல் வரை வந்து திரும்பிப் போன பெண். அன்றைக்குத்தான் உட்கார்ந்தாள்.

"மிஸ், எனக்கு ஸ்கூலுக்கு வரவே பயமா இருக்கு. ஏன்னா..."

கதவு படாரென்று திறந்தது. கரஸ்பாண்டன்ட், கூடவே அதிகாரி. "இவங்கதான் சார் எங்க கவுன்சிலர்!"

அதிகாரி தலையாட்டிவிட்டு டிபனுக்குப் போனதும் கரஸ்பாண்டன்ட் என் காதருகே வந்தார். "மேடம், அடுத்து தி.நகர் போறாரு. அவருக்கு முன்னாடி நீங்க அங்க இருக்கணும்."

"சார், இந்தப் பொண்ணு இப்பதான் பேசவே..."

"பொண்ணு நாளைக்கும் இருப்பா. அங்கீகாரம் இருக்குமா?"

நானும் (வெட்கங்கெட்டவள்!) "அப்புறம் பேசலாம்டா" என்று நஸ்ரீனிடம் சொல்லிவிட்டு ஆட்டோவுக்கு ஓடினேன்.

தி.நகரில் அதிகாரி என்னை உற்றுப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் நகர்ந்ததும் மறுபடி ஆட்டோ, அடையாறு.

"இன்னா மேடம், யாருனா தொரத்திக்கினு வராங்களா?" என்றார் ஆட்டோக்காரர்.

"கவர்மென்ட்டு" என்றேன். அதற்கப்புறம் அவர் பிரேக்கையே தொடவில்லை.

அடையாறு தலைமையாசிரியை, மாறுவேஷம் என்று தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டார். அந்தப் பவரில் உலகமே கலங்கிவிட்டது. நான் பயபக்தியோடு "வணக்கம் சார்" என்று கும்பிட்டது அதிகாரியின் டிரைவரை.

"இவங்களை இப்பதானே தி.நகர்ல பார்த்தேன்? மயிலாப்பூர்லயும் இவங்கதானே?" என்றார் அதிகாரி.

கரஸ்பாண்டன்ட் கண்கூட இமைக்கவில்லை. "மயிலாப்பூர்ல அக்கா சார். இவங்களும் தி.நகர்ல இருக்கறவங்களும் தங்கச்சிங்க. மூணும் ஒரே பிரசவம். குடும்பமே சைக்காலஜி."

அதிகாரி பாதாம் பாலைக் குடித்து முடித்தார். அவர் ஒன்றும் முட்டாள் இல்லை. தெரிந்துதான் கையெழுத்துப் போட்டார். எனக்கு மற்ற எல்லோரையும்விட அந்த ஆள்மேல்தான் ஆத்திரம்.

மறுவாரம் என் மயிலாப்பூர் முறை வருவதற்குள் கதை பள்ளி முழுக்கப் பரவியிருந்தது. நஸ்ரீனைக் கூப்பிட்டு அனுப்பினேன். வாசலிலேயே நின்றாள்.

"மிஸ், நீங்க எந்த சிஸ்டர்?"

"நான்தான்டா. உள்ள வா. அன்னிக்கு விட்ட இடத்துலேர்ந்து சொல்லு."

"ஒண்ணுமில்ல மிஸ். ஓடாத சிஸ்டர் வந்தா சொல்றேன்."

போய்விட்டாள். அந்த வருஷக் கடைசியில் டி.சி. வாங்கிக்கொண்டு பள்ளியை விட்டும் போய்விட்டாள். எதற்குப் பயந்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வீட்டில் இது சிரிப்புக் கதை. "இன்னிக்கு சமையல் அக்காவா, தங்கச்சியா?" என்பார் கணவர். திட்டினால் போதும், "அம்மா, நீ போ, சின்ன சித்திய அனுப்பு" என்பாள் மகள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

பள்ளியில் மட்டும் சிரிப்பதில்லை. மூன்று பள்ளிக்கும் இன்னும் நான் ஒருத்திதான். ஒவ்வொரு வருஷமும் ஸ்டாஃப் மீட்டிங்கில் எழுந்து கேட்கிறேன்: "சார், என் தங்கச்சிங்க ரெண்டு பேரும் எப்ப ஜாயின் பண்றாங்க?"

எல்லோரும் சிரிக்கிறார்கள். கரஸ்பாண்டன்டும் சிரித்துக்கொண்டே, "உட்காருங்க மேடம்" என்கிறார்.

நான் உட்காருவதில்லை.