எழுபது கிலோ வெல்லம்

சட்டையோடு ஏறியபோது எண்பத்தொன்று. சட்டையைக் கழற்றிவிட்டு ஏறியபோதும் எண்பத்தொன்று. மூக்குக்கண்ணாடியையும் கழற்றி வைத்துவிட்டு, கோதண்டராமன் மூன்றாவது முறை எடை மெஷினில் ஏறினார். இப்போது எண்ணே தெரியவில்லை. கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

சாந்தகுமாரி இருந்திருந்தால் பக்கத்தில் நின்று சத்தமாகப் படித்திருப்பாள். ஜோகுபாளையத்தில் அந்தத் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். எண்பத்து நாலு கிலோ புருஷனை இரண்டு வருஷத்தில் எழுபதுக்குக் கொண்டுவந்தவள். அவர் எழுபதைத் தொட்ட மாதம் அவள் படுத்தாள். எட்டாம் வாரம் போய்விட்டாள்.

அவளுடைய பீரோவில், மஞ்சள் துணியில் முடிந்த ஒரு ரூபாய்க் காசு இருந்தது. கூடவே அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'ஆஞ்சநேயருக்கு. அவர் எடைக்கு எடை வெல்லம்.'

எழுபதுக்காக வேண்டிக்கொண்டிருக்கிறாள், செலுத்தத்தான் நாள் கிடைக்கவில்லை என்று அவர் புரிந்துகொண்டார். துக்க வருஷம் முடியாமல் கோயில் காரியம் கூடாது. முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. துலாபாரத் தட்டில் ஏறும்போது, அவள் கடைசியாகப் பார்த்த ஆளாக ஏற வேண்டும். அதற்குப் பதினோரு கிலோ குறைய வேண்டும்.

மறுநாள் காலை அல்சூர் ஏரியைச் சுற்றி நடக்கப் போனார். முன்பெல்லாம் சாந்தா இரண்டடி முன்னால் போவாள். திரும்பிப் பார்க்காமலே, "செருப்பு தேயற சத்தம் கேக்குது, காலைத் தூக்கி வைங்க" என்பாள். இப்போது சொல்ல ஆளில்லாததால், கால் தன் இஷ்டத்துக்கு ஒரு டிபன் கடைக்குள் போனது. அவளுக்குத் தெரியாமல் பின்தங்கி, அவசர அவசரமாக வடை விழுங்கிய கடை. ஆற அமர உட்கார்ந்து தின்றதில் பழைய ருசி இல்லை. வருகிறதா பார்க்கலாம் என்று இன்னொன்று சொன்னார். வாரம் முழுக்க அந்த ருசியைத் தேடியதில் அரைக் கிலோ ஏறியது.

நடை வேண்டாம், சோற்றை விடலாம் என்று முடிவு செய்தார். அதைப் பக்கத்து வீட்டு லட்சுமம்மாவிடம் சொன்னதுதான் தப்பு.

"விடுங்கண்ணா, யாரு வேணாம்னது" என்று போனவள், இரண்டு கேழ்வரகுக் களி உருண்டையோடு திரும்பி வந்தாள். "இது சோறு இல்ல. முத்தே." உருண்டையின் நடுவே நெய் குளம் கட்டியிருந்தது.

வந்த பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தருவது சாந்தா இருந்த வீட்டில் நடக்காத காரியம். கால் கிலோ மைசூர்பாகு வாங்கிப் போட்டுக் கொடுத்தார். லட்சுமம்மாவும் அதே வளர்ப்பு. மறுநாள் அதில் ஆறு ஒப்பட்டுப் போளி வந்தது. இவர் ஜாங்கிரி அனுப்பினார். அவள் கோடுபளே முறுக்கு அனுப்பினாள். இவர் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினார். விளக்கு சீக்கிரம் அணைகிறதே, அண்ணாவுக்கு உடம்புக்கு என்னவோ என்று பாயசம் வந்தது.

கடைசியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இனிமே எதுவும் அனுப்பாதம்மா. எனக்கு ஒரு காரியம் இருக்கு."

என்ன காரியம் என்று சொல்லவில்லை. வேண்டுதலை நிறைவேறும் முன் வெளியே சொன்னால் பலிக்காது. அவளும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு மூடிக்கொண்டு, கையிலிருந்த டப்பாவை ஜன்னல் கம்பி வழியாக உள்ளே வைத்துவிட்டுப் போனாள்.

துக்க வருஷம் முடிந்து முதல் சனிக்கிழமை. காலையில் மெஷின் எண்பத்து நாலு காட்டியது. வெல்லக் கடையில் எழுபது கிலோ சொல்லி வைத்திருந்தார். கூட்டிச் சொல்ல வாய் வரவில்லை.

கோயிலில் சங்கிலி கட்டிய தட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். எதிர்த் தட்டில் எழுபது கிலோவும் ஏறி முடிந்தது. அவர் தட்டு தரையை விட்டு அசையவில்லை. அர்ச்சகர் வெல்லத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், இன்னும் இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்டார்.

கோதண்டராமன் தலையைக் குனிந்துகொண்டார். "ரெண்டு வருஷம் அவ பட்ட பாட்டை ஒரே வருஷத்துல தின்னு தீர்த்துட்டேன்" என்றார். கண் கலங்கியது.

கூட வந்திருந்த லட்சுமம்மா வாசலுக்குப் போய், ஆட்டோவிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிக்கொண்டு வந்தாள். அச்சு வெல்லம், பதினாலு கிலோ. அதை வைத்ததும் அவர் தட்டு மெல்ல மேலே எழும்பி, எதிர்த் தட்டுக்குச் சமமாக நின்றது.

"பதினாலு குறையும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

லட்சுமம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "கடையில நீங்க எழுபதுதான் சொன்னீங்கன்னு கேட்டுக்கிட்டேன். ஆஸ்பத்திரியில அக்கா காசை மஞ்சத் துணியில முடிஞ்சப்போ புடிச்சுக்கிட்டதும், அதைப் பீரோவுல கொண்டுவந்து வச்சதும் நான்தானே அண்ணா. 'நான் போயிட்டா இவரு சாப்பிடாமலே கரைஞ்சிடுவாரு, ஒரு வருஷத்துல பழையபடி எண்பத்து நாலுக்கு வந்துடணும்'னுதான் வேண்டிக்கிட்டாங்க."